புளித்தண்ணீரில் அலசவும்

போன மாதம் கம்பெனியிலிருந்து திவ்யா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த இன்ஜினியர். நேரில் பார்த்ததில்லை. நாங்கள் வீடுகளுக்குக் கொடுக்கும் நூல் ஃபில்டரோடு ஓர் உபயோகக் குறிப்பு வைப்பது வழக்கம். அதை அவள் புதிதாக எழுதுகிறாளாம். அதில் நான்காவது வரி இப்படி இருக்கும்: ‘எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசவும்.’ இதை யார் எழுதினது, எதற்காக எழுதினது என்று ஃபைலில் எங்குமே இல்லையாம். புளிக்குப் பதில் ஒரு பாக்கெட் பொடி கொடுத்துவிடலாமா சார் என்று கேட்டாள்.

கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எனக்கு முன்கோபம் உண்டு, அதைச் சம்பளம் வாங்கின காலத்திலேயே விட்டிருக்க வேண்டும். எழுதித் தருகிறேனம்மா என்று சமாதானமாகச் சொல்லி வைத்தேன். அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. காலை ஒன்பது மணி ஆனால் காது தானாகத் தண்ணீர்ச் சத்தத்தைத் தேடுகிறது. தருமபுரியில் எங்கள் சோதனைக்கூடத்தில் ஆறு ஃபில்டர்கள் வரிசையாக நிற்கும். வால்வைத் திறந்ததும் முதலில் காற்று கொடகொடவென்று வெளியேறும். அப்புறம் ஆறு கண்ணாடி ஜாடிகளில் ஆறு விதமாகத் தண்ணீர் விழும். கண்ணை மூடிக்கொண்டே எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது வீட்டுக் குழாய் சொட்டினால்கூட விரலை நீட்டி எண்ணிக்கொண்டு நிற்கிறேன். “வாஷர மாத்துங்கன்னா எண்ணிக்கிட்டு நிக்கிறீங்களே” என்று வீட்டுக்காரி திட்டுகிறாள். இந்த வயதில் ஏக்கம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏக்கம்தான். இன்னும் ஒரே ஒரு தடவை ஓர் ஊரின் கெட்ட தண்ணீரை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, இதை நல்லதாக்கு சாமி என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

என் முழுப்பெயர் ஆரோக்கியசாமி. கம்பெனியில் எல்லாருக்கும் சாமி. சொந்த ஊர் மொரப்பூர்ப் பக்கம். சோளமும் ராகியும் விதைத்த குடும்பம். சேலத்தில் டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து, ஒரு நூல் மில்லில் ஆறு வருடம் பஞ்சைத் தின்று இருமினேன். பிறகு இந்தக் கம்பெனியில் ஃபில்டர் டிசைன் செய்ய நூல் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குடிப்பேன், குளிப்பேன், அவ்வளவுதான்.

நூல் ஃபில்டர் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஓட்டை போட்ட ஒரு குழாய். அதன் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முழங்கைக் கனத்துக்கு ஏற்றுவோம். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகும், அழுக்கு நூலில் தங்கிவிடும். நூலை எவ்வளவு முறுக்குவது, எந்தச் சாய்வில் சுற்றுவது, எங்கே இழுத்துப் பிடிப்பது, எங்கே விடுவது என்பதில்தான் எங்கள் பிழைப்பு.

எனக்கு மேலே இருந்தவர் சாரதா மேடம். வேதியியல் படித்தவர், ஓசூர்ப் பக்கம் கன்னடக் குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் நாம் சொல்வதை நம்பவில்லை என்றால் மட்டும் கன்னடத்தில் “ஹௌதா?” என்பார். அப்படியா என்று அர்த்தம். திட்டு கிடையாது, குரல் ஏறாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்து, “ஹௌதா?” அதற்கு நான்கு நாள் தூக்கம் போய்விடும். திட்டியே தொலைத்திருக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவரிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. எந்தச் சோதனையானாலும் பதிவேட்டில் ஒரு எண் இருக்க வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’, ‘தெளிவாக இருக்கிறது’, ‘சரி’ என்றெல்லாம் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார். எவ்வளவு நன்றாக, என்ன எண் என்பார். சேர்ந்த புதிதில் பட்டு நூற்கும் ஒருவர் வந்தார். போர்த் தண்ணீரில் இரும்புச் சத்து, பட்டு மஞ்சள் அடிக்கிறது என்று அழாத குறை. நான் மில்லில் கற்ற வித்தையைக் காட்டினேன். இறுக்கமாகச் சுற்றினால் நன்றாக வடிக்கும் என்று கல் மாதிரி சுற்றிக் கொடுத்தேன். தண்ணீர் கண்ணாடி போல் வந்தது. பதிவேட்டில் ‘அருமை’ என்று எழுதினேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மறுநாள் மத்தியானமே அந்த மனிதர் ஃபில்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மேலே மட்டும் ஒரு விரல்கடை செம்மண் அப்பி, உள்ளே முழுக்க வெள்ளையாக இருந்தது. வெளி நூலே எல்லாவற்றையும் பிடித்து வாயை அடைத்துக்கொண்டது.

மேடம் ஒரு பிளேடால் அதைக் குறுக்கே அறுத்து என் மேசையில் வைத்தார். அந்த ‘அருமை’க்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதச் சொன்னார். பத்தொன்பது என்று எழுதினேன். அன்றிலிருந்து வெளியே தளர்வாகவும் உள்ளே போகப் போக இறுக்கமாகவும் சுற்றக் கற்றேன். பெரிய அழுக்கு வெளியே உட்காரும், சின்னது உள்ளே உட்காரும். அந்தப் பட்டுக்காரருக்கு அடுத்து கொடுத்தது இருபத்தோரு நாள் ஓடியது.

அந்தக் காலத்து அழுக்குகள் எல்லாம் நேர்மையானவை என்று இப்போது தோன்றுகிறது. இரும்பு சிவக்கும், சேறு கலங்கும், எண்ணெய் மிதக்கும். தப்பு செய்தால் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். ஃப்ளோரைடு அப்படியில்லை. நிறம் இல்லை, வாசம் இல்லை, ருசியும் இல்லை. எங்கள் மாவட்டத்துப் பாறைக்குள் அது இருக்கிறது, ஆழமாகப் போர் போடப் போட மேலே வருகிறது. குழந்தைப் பல்லில் காவிக்கோடு விழுந்த பிறகுதான் அது தண்ணீரில் இருந்தது தெரியும்.

என் தங்கை ஸ்டெல்லாவைக் கட்டிக்கொடுத்த ஊரில் அந்தத் தண்ணீர்தான். மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த ஊரில் பெரியவர்கள் சிரித்தாலே பற்களில் பழுப்பு தெரியும். அவள் உண்டானதுமே நான் போய் ஊரில் உள்ள எல்லாத் தண்ணீரையும் சோதித்துப் பார்த்தேன். ஏரிக்கரையில் ஒரு பழைய கிணறு, மழைத் தண்ணீர் இறங்குகிற கிணறு, அது ஒன்றுதான் தேறியது. வீட்டிலிருந்து ஒரு மைல். வீட்டு போரைக் குடிக்காதே, இதையே குடி, பிறக்கிற குழந்தைக்கும் இதையே கொடு என்று சொன்னேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் தினம் போய் இடுப்பில் ஒரு குடம் கொண்டுவந்தாள். பிரின்ஸி பிறந்த பிறகு தலையில் ஒரு குடம், இடுப்பில் குழந்தை. மச்சான் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

அந்தக் குடத்தை இறக்க வேண்டும் என்ற வெறியில்தான் நான் அந்த ஃபில்டரைச் செய்தேன். கம்பெனிக்காகச் செய்தேன் என்று சொல்வது பொய். பருத்தி நூலைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, இப்படி மூன்று தடவை செய்தால் நூல் மேல் மாவு பூசினாற்போல் ஒரு வெள்ளைப் பூச்சு நிற்கும். அந்தப் பூச்சு ஃப்ளோரைடைப் பிடிக்கும். இரண்டு அடுக்கு எவர்சில்வர் பாத்திரம், மேலே போர்த் தண்ணீர், நடுவில் என் நூல், கீழே நல்ல தண்ணீர். பஸ்ஸில் சீட் மாதிரிதான் அந்தப் பூச்சு. காலி சீட் இருக்கிறவரை ஃப்ளோரைடு ஏறி உட்காரும். சீட் நிறைந்தால் அப்புறம் நேராக உள்ளே போய்விடும்.

சீட் எத்தனை நாளில் நிறையும் என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க ஊர்த் தண்ணீரையே ஆயிரக்கணக்கான லிட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேனில் பிடித்து பஸ்ஸில் ஏற்றி எத்தனை நாள் கொண்டுவருவது? நான் கம்பெனிக் குழாய்த் தண்ணீரில் அதே அளவு ஃப்ளோரைடைக் கலந்து ஓட்டினேன். ஒரு வருடம் தாங்கும் என்று கணக்கு வந்தது. மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு, எந்தத் தண்ணியில் ஓட்டினீங்க சாமி என்று கேட்டார். சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானுங்க மேடம், ஃப்ளோரைடு அளவு ஒரே அளவுதான் என்றேன். “ஹௌதா?” என்றார்.

ஊர்த் தண்ணீரில் மறுபடி ஓட்டச் சொன்னார். நான் சண்டை பிடித்தேன். கோடை வரப்போகிறது, ஏரிக்கிணறு வற்றும், நாற்பது வீட்டில் காத்திருக்கிறார்கள், பஞ்சாயத்தில் தேதி சொல்லிவிட்டோம் என்றெல்லாம் பேசினேன். தங்கையைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். ரொம்ப நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே ஒரு நிபந்தனை எழுதினார். முதல் மாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீரை எடுத்துப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். அந்த வேலை என்னுடையது.

தை மாதம் நாற்பது வீட்டிலும் வைத்தோம். ஒவ்வொரு பாத்திரத்திலும் ‘கழுவக் கூடாது’ என்று சிவப்பில் ஒட்டினோம். கழுவினால் பூச்சு போய்விடும் என்று எங்களுக்குப் பயம். ஸ்டெல்லாவிடம் நானே சொன்னேன், இனிமேல் குடம் தூக்காதே பாப்பா, இதில் வருவதை நம்பிக் குடி, குழந்தைக்கும் கொடு என்று. ஒரு மாதம் கழித்துப் போய்ச் சோதித்தேன். அதற்கு ஒரு மருந்து உண்டு, சின்னக் குப்பியில் தண்ணீரை எடுத்து ஐந்து சொட்டு விட்டால் ரோஜா நிறமாக நின்றால் நல்லது, மஞ்சளாக மாறினால் கெட்டது. எவ்வளவு என்பதை நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதலாம். நாற்பதும் ரோஜா. பிரின்ஸிக்கு அப்போது ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. கீழ்ப் பாத்திரத்துக் குழாய்க்கடியில் தன் குட்டித் தம்ளரை நீட்டி, தண்ணீர் விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, அரிசி மாதிரிப் பால்பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு யாரும் சமானம் இல்லை.

சித்திரையில் மறுபடி போயிருக்க வேண்டும். மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு அதுதான் சீசன். பழம் கழுவும் தண்ணீருக்கு ஃபில்டர் ஃபில்டர் என்று உயிரை வாங்கினார்கள். நான் ஒருநாள் மத்தியானம் தங்கை வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடைக்கு போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இளநி மாரி இருக்குதுண்ணா” என்றாள்.

பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதினேன். எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். ஆடியிலும் அதே போன், அதே இளநீர், அதே ‘சரி’. ஃப்ளோரைடுக்கு ருசி கிடையாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், தங்கையின் நாக்கை வைத்துச் சோதித்தேன். அவள் வாயிலிருந்து நல்லது என்று கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

ஐப்பசி கடைசியில் பக்கத்து ஊரிலும் அந்த ஃபில்டரைக் கேட்டு வந்தார்கள். மேடம் பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் சித்திரையில் நின்றார், ஆடியில் நின்றார்.

“இந்த ரெண்டுக்கும் நம்பர் எங்க?”

“போன்ல கேட்டேனுங்க மேடம். தங்கச்சிகிட்ட.”

“ஹௌதா” என்றார். அன்றைக்கு அதில் கேள்வி இல்லை. பதிவேட்டை மூடிவிட்டு கைப்பையை எடுத்தார். குப்பிகளை எடுத்துக்கொண்டு வாங்க, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜெபமாலையைச் சட்டைப்பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் வீடு மஞ்சள். இரண்டாவது மஞ்சள். மருந்து பழசாகிவிட்டதோ என்று புதுக் குப்பியை உடைத்தேன், அதுவும் மஞ்சள். ஊர்த் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், எங்கள் கம்பெனிக் குழாய்த் தண்ணீரில் அது கிடையாது. ஃப்ளோரைடுக்காக வைத்த சீட்டில் அந்தக் காரம் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வருடம் என்று நான் சொன்னது இரண்டு மாதம்கூடத் தாங்கியிருக்காது என்று மேடம் பிறகு கணக்குப் போட்டார். ஒவ்வொரு வாசலிலும் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, இது எங்க தப்புங்க, இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, சமைக்காதீங்க என்று சொன்னார். என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முப்பத்தெட்டாவது வீடு மாதம்மா வீடு. புளி தட்டிக் கொட்டை எடுக்கும் கூலி வேலை செய்கிறவர், நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் ஃபில்டர் மேல் ஒரு கோணிச்சாக்கைப் போட்டு மூடினார். தண்ணீர் எடுக்க விடவே இல்லை. நல்லாத்தான் இருக்குதுங்க, வேணாங்க என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மேடம் கொஞ்ச நேரம் பேசிப் பேசி உள்ளே போனார். நான் குப்பியில் பிடித்து மருந்தை விட்டேன்.

ரோஜா நிறம். முதல் மாதம் பார்த்த அதே ரோஜா.

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் ரோஜாதான். இதில் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்களா என்று மேடம் கேட்டார். மாதம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்குப் போகிற ஆளால் ஏரிக்கிணற்றுக்கு நடக்க முடியாது, வேறு எந்தத் தண்ணீரும் இல்லை என்றார். பிறகு மெதுவாக உண்மை வந்தது.

“கழுவிட்டனுங்க மேடம். கழுவக் கூடாதுன்னு ஒட்டியிருந்தீங்க. வூட்டுக்காரரு படிச்சிச் சொன்னாரு. ஆனா நூலுதானுங்களே? பதனஞ்சி நாளு ஈரத்துலயே கெடந்தா நாத்தம் அடிக்காதுங்களா? எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க.”

“எதுல கழுவினீங்க?”

“துணிக்குப் போடுற சோடாவுலதானுங்க. ராத்திரிக்கு ஊறப் போட்டு, காலையில அலாசுவேன். அலாசினாலும் வழவழன்னே இருக்குதுங்க. வழவழப்புல எப்பிடித் தண்ணி குடிக்கிறது? அதான் பித்தளைக் கொடத்துக்குப் போடுற மாரி புளி கரைச்சி ஊத்தினேன். வழவழப்பு போயிரும். அப்பறம் நல்ல தண்ணி ரெண்டு கொடம் ஊத்திக் கீழ விட்டுருவேன்.”

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பூச்சைக் காரத்தில் ஊறவைத்தால் ஃப்ளோரைடு கழன்றுவிடும், பிறகு அமிலம் காட்டினால் சீட் மறுபடி காலியாகும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. புத்தகத்தில் இருந்தது. ஆனால் எங்கள் கையில் இருந்த காரமும் அமிலமும் கையைப் பொசுக்குபவை. அதை வீட்டுப் பெண்களிடம் எப்படிக் கொடுப்பது என்று விட்டுவிட்டு, ‘கழுவக் கூடாது’ என்று ஒட்டிவிட்டோம். துணிச் சோடாவிலும் புளியிலும் அது நடக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் நாற்பது வருடமாகப் புளிக்குழம்பு சாப்பிடுகிறவன்.

எவ்வளவு சோடா, எத்தனை மணி நேரம், புளி எவ்வளவு என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எலுமிச்சங்காய் அளவு என்று மாதம்மா விரலைக் குவித்துக் காட்டினார். அந்தக் கையளவு புளியை வாங்கி, பையில் முடிந்து, கம்பெனிக்குக் கொண்டுபோய் நிறுத்து எண் எழுதினார் மேடம். திவ்யா, நீ கேட்ட நான்காவது வரி அந்தக் கைதானம்மா. பாக்கெட் பொடி வேண்டாம் என்று நான் கத்தியதற்குக் காரணம் இதுதான். பாக்கெட் ஒருநாள் வராமல் போகும். எங்கள் மாவட்டத்தில் புளி இல்லாத வீடு கிடையாது.

கடைசி வீடாக வைத்திருந்தேன் ஸ்டெல்லா வீட்டை. குப்பியில் மருந்தை விட்டபோது அவளும் பக்கத்தில் நின்றாள். பிரின்ஸி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்த மஞ்சளைக் காட்டச் சொல்லி எம்பினாள். குழந்தைக்குப் பிடித்த நிறம் அது. ஸ்டெல்லாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முதல் மாதம் ரோஜாவைப் பார்த்தவள்தான். அவள் தன் ஃபில்டரைக் கழுவவே இல்லை. நாத்தம் வந்தபோதுகூடக் கழுவவில்லை. அண்ணன் கழுவாதே என்று சொல்லியிருந்தான்.

எத்தனை மாசமா என்று கேட்டாள். எட்டு மாதம் இருக்கும் என்றேன். நான் வந்து பார்த்திருக்க வேண்டும், வரவில்லை, உன்னிடம் போனில் கேட்டதை வைத்து எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த குடத்தைப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா தூக்கியிருப்பனேண்ணா” என்றாள்.

குடத்தை எடுத்துத் துடைத்தாள். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் ஏரிக்கரைப் பக்கம் போவது தெரிந்தது. தலையில் சும்மாடு, இடுப்பில் பிரின்ஸி.

அந்த ஞாயிறு கோயிலில் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, எட்டு மாதத்துக்கு மூன்றா என்று. சொல்லிவிட்டு வந்தேன், பாரம் ஒன்றும் இறங்கவில்லை. மேடமும் எனக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு மாதமும் ஊர்த் தண்ணீரை நானே கேனில் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, சோடா புளி போட்டுக் கழுவிக் கழுவி ஓட்டினேன். கண்டக்டர்கள் திட்டாத திட்டு இல்லை. பதினைந்து நாளைக்கு ஒரு கழுவல் என்று எண் வந்தது. மாதம்மா கணக்கும் அதேதான். நாற்பது வீட்டிலும் ‘கழுவக் கூடாது’ என்று ஒட்டின தாளைக் கிழித்தோம், கழுவும் முறையை மாதம்மாவே வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டினார். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போகாமல் இருந்ததில்லை, காய்ச்சலிலும் போயிருக்கிறேன்.

சாரதா மேடம் என்னைவிட ஒன்பது வருடம் முன்னால் ஓய்வு பெற்றுப் போனார். போகிற அன்று அந்தப் பழைய பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. நான் ஏதாவது தெரிந்த மாதிரிப் பேசும்போதெல்லாம் யாராவது “ஹௌதா?” என்று கேட்டால் தேவலை போலிருக்கிறது. யாரும் கேட்பதில்லை, எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

பிரின்ஸிக்குப் பால்பல் விழுந்து ஏழு வயதில் முன்பல் முளைத்தது. மேல் பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. ஒன்றரை, இரண்டு வயதில்தான் அந்தப் பல் ஈறுக்குள்ளே உருவாகும் என்று பல் டாக்டர் சொன்னார். சரியாக என்னுடைய எட்டு மாதம். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு பிறந்த அவள் தம்பிக்குப் பல் வெள்ளைவெளேரென்று இருக்கிறது, அவன் வாய் ஓயாமல் இளிக்கிறான். ஸ்டெல்லா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பொங்கலுக்கும் வருவாள், கிறிஸ்துமஸுக்கும் வருவாள், மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொடுத்துவிடுவாள். அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் முடித்துக்கொண்டாள். எனக்குத்தான் முடியவில்லை.

பிரின்ஸி இப்போது பெங்களூரில் நர்ஸ். நான் ஓய்வு பெற்ற அன்று லீவு போட்டு வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, எல்லாரும் இருக்கும்போதே, ரொம்ப வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டேன். இப்போது பல்லுக்கு மேலே வெள்ளையாக ஒட்டுகிறார்களாமே, பெங்களூரில் நல்ல டாக்டராகப் பார், மாமா செலவு என்றேன்.

“விடுங்க மாமா” என்றாள். “இதுவும் நீங்க பண்ணுன டிசைன்தானே, இருக்கட்டும்.”

ஸ்டெல்லா அவள் முதுகில் ஒன்று போட்டாள். மச்சான் சிரித்தார், என் வீட்டுக்காரி சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிரின்ஸியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

கையை எடு குட்டி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் குழாய்க்கடியில் தம்ளரை நீட்டிக்கொண்டு, முகம் முழுக்கப் பல்லாக என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போதும்.